பத்தாவது சுற்று

2008 ஏப்ரலில் நிசான் நிறுவனம் ஒரு நேரத்தை வெளியிட்டது: 7 நிமிடம் 29 வினாடி. ஜெர்மனியில் ஐஃபெல் மலைக்காட்டுக்குள் வளைந்து கிடக்கும் நூர்பர்க்ரிங் வடக்கு வளையத்தை, கடையில் விற்கும் ஜிடி-ஆர் கார் ஒருமுறை சுற்றிவந்த நேரம் அது. ஓட்டியவர் தோஷியோ சுசுகி. அந்த வளையத்தைத் தங்கள் வீட்டு முற்றமாகவே நினைத்துவந்த போர்ஷேக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. ஏறக்குறையப் பாதி விலைக்கு விற்கிற ஜப்பான் கார், எடையோ 1,740 கிலோ, அது தங்கள் 911 டர்போவை முந்துவதாவது? அமெரிக்காவில் ஒரு ஜிடி-ஆரைக் காசு கொடுத்து வாங்கி, அதே வளையத்தில் தங்கள் ஆளை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். 7 நிமிடம் 54 வினாடிதான் வந்தது என்றார்கள்.

25 வினாடி சின்ன வித்தியாசம் இல்லை. அந்த வேகத்தில் அது ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். நிசான் ஓட்டியது வேறு டயரில் என்று ஒரு பக்கம் சந்தேகம் கிளம்பியது. ஓட்டத் தெரியாவிட்டால் சொல்லித்தருகிறோம் என்ற தொனியில் மறுபக்கத்திலிருந்து பதில் வந்தது. அந்தச் சண்டையில் நான் நிசான் கட்சி. விலை குறைந்தவன் ஜெயிக்க வேண்டும் என்கிற நம் ஊர்ப் பாசம்தான் அதற்குக் காரணமே தவிர, பொறியியல் ஞானம் ஏதும் இல்லை.

இப்போது திரும்பிப் பார்த்தால் இரு தரப்பும் ஒரே ஒரு சுற்றைப் பற்றித்தான் மல்லுக்கட்டியது தெரிகிறது. ஸ்போர்ட்ஸ் கார்களை ஒப்பிடும் எழுத்தில் பெரும்பகுதி இன்றும் அப்படித்தான் இருக்கிறது. எந்தக் கார் ஒரு சுற்றை வேகமாக முடிக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். டிராக்கில் காரை ஓட்டுகிறவனுக்கு வேண்டிய கேள்வி வேறு. முதல் சுற்றில் வந்த நேரம் பத்தாவது சுற்றிலும் வருகிறதா, பதினைந்தாவதில் கார் சொன்ன பேச்சைக் கேட்கிறதா, மாலையில் அதே காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக முடிகிறதா என்பதே அது.

ஒற்றைச் சுற்று எப்படித் தயாராகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். வடக்கு வளையம் 20.832 கிலோமீட்டர் நீளம், 73 வளைவுகள், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 300 மீட்டர் உயர வேறுபாடு. ஆனால் வெகுகாலம் வரை பல நிறுவனங்கள் முழுச் சுற்றையும் கணக்கில் எடுக்கவில்லை. நேர்ப்பாதையில் ஒரு துண்டை விட்டுவிட்டு 20.6 கிலோமீட்டருக்குத்தான் கடிகாரத்தை ஓடவிட்டார்கள். 2019-இல்தான் முழுச் சுற்றே கணக்கு என்று விதி வந்தது. 992 தலைமுறையின் 911 ஜிடி3-ஐ லார்ஸ் கெர்ன் ஓட்டியபோது முழுச் சுற்றுக்கு 6 நிமிடம் 59.927 வினாடி ஆனது. பழைய அளவில் அதே ஓட்டம் ஏறக்குறைய 5 வினாடி குறைவு. பழைய செய்தியையும் புதிய செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர் இந்த 5 வினாடியைக் காரின் கணக்கில் எழுதிவிடுவார். இது போக, ஓட்டுநர் யார், டயர் எது, வெயிலா மேகமா, காருக்குள் பாதுகாப்புக் கூண்டு பொருத்தியிருந்ததா என்று எத்தனையோ இருக்கின்றன.

இரண்டு எண்களைப் பாருங்கள். போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ், 525 குதிரைசக்தி, 2022-இல் யோர்க் பெர்க்மைஸ்டர் ஓட்டியது: 6 நிமிடம் 49.328 வினாடி. கார்வெட் இசட்ஆர்1எக்ஸ், 1,250 குதிரைசக்தி, முன்சக்கரங்களுக்கு மின்மோட்டார் வேறு, 2025-இல் ஓட்டியது: 6 நிமிடம் 49.275 வினாடி. ஏறக்குறைய இரண்டரை மடங்கு பலம், கிடைத்த லாபம் 0.053 வினாடி. கார்வெட்டுக்காரர்கள் உடனே ஒன்று சொல்வார்கள்: எங்கள் காரை ஓட்டியவர் தொழில்முறைப் பந்தயக்காரர் இல்லை, ட்ரூ கேட்டல் என்ற எங்கள் பொறியாளர். நியாயமான வாதம்தான். அதே வாதம் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறது. அந்த 0.053 வினாடியில் காரின் பங்கு எவ்வளவு, ஓட்டியவரின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது.

ஜிடி3 ஆர்எஸ் அந்த நேரத்தை எடுத்த விதம்தான் சுவையானது. 285 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அந்தக் காரை 860 கிலோ பாரத்தோடு தரையில் அழுத்துகிறது. அந்த அழுத்தத்துக்கு இடம் வேண்டும் என்று முன்பக்கத்தில் வழக்கமாக இருக்கும் மூன்று ரேடியேட்டர்களை எடுத்துவிட்டு, பந்தயக் காரில் உள்ளதுபோல் நடுவில் ஒரே பெரிய ரேடியேட்டரைச் சாய்த்து வைத்தார்கள். சாமான் வைக்கும் இடம் போயிற்று. ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூடான காற்று பானெட்டின் இரண்டு துளைகள் வழியாக வெளியேறிக் கூரையைத் தழுவிக்கொண்டு பின்னால் போகும். இன்ஜின் இருப்பதோ பின்னால். அது மூச்சுக்கு அந்தச் சூட்டுக்காற்றையே இழுத்தால் பலம் குறையும். அதனால் கூரைமேல் சின்னச் சின்னத் துடுப்புகளை நட்டு, சூட்டுக்காற்றை இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் குளிர்ந்த காற்றுக்கு வழிவிட்டிருக்கிறார்கள். படத்தில் பார்ப்பவருக்கு அலங்காரம்போல் தெரியும் அந்தத் துடுப்புகள் வெப்பத்துக்குப் போட்ட வாய்க்கால் வரப்பு.

டிராக் ஓட்டத்தில் கடைசியில் எல்லாம் வெப்பத்தில்தான் வந்து நிற்கும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1,450 கிலோ எடையுள்ள கார் 250 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வளைவுக்கு முன் 100-க்குக் குறைய வேண்டும். மூன்று மூன்றரை வினாடிகளில் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 29 லட்சம் ஜூல். காற்றின் தடையைக் கணக்கில் விட்டுவிட்டால், 30 டிகிரியில் உள்ள 10 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். ஒரு முறை பிரேக்கை அழுத்தினால் ஒரு குடம் வெந்நீர். 1,740 கிலோ ஜிடி-ஆருக்கு 12 லிட்டர். 2,200 கிலோ மின்சாரக் காருக்கு 15 லிட்டர். சுற்றுக்கு இப்படி நாலைந்து குடம், இருபது நிமிட ஓட்டத்தில் பத்துச் சுற்று. தட்டு, பேட், காலிப்பர், அதற்குள் இருக்கும் பிரேக் ஆயில் எல்லாம் இந்த அடுப்பில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் இதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். 1990-இலிருந்து நடக்கும் அந்த டிராக் 3.717 கிலோமீட்டர். மே மாதத்து ஞாயிறு, காலை ஒன்பது மணிக்கே தார் கண்ணைக் கூசவைத்தது. நண்பன் கொண்டுவந்தது ஐரோப்பியக் கார், 300 குதிரைசக்திக்கு மேல், வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை; நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். முதல் நான்கு சுற்றுகளில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஐந்தாவதில் இரண்டு வினாடி கூடிற்று. ஆறாவதில் நேர்ப்பாதை முடியும் இடத்தில் பெடல் பலகைவரை உள்ளே போய்விட்டது. இரண்டு முறை மிதித்துப் பிடித்து, வளைவில் அகலமாகப் போய், புல்லில் இறங்கி, புழுதியோடு திரும்பி வந்தான்.

உள்ளே வந்ததும் பழக்கதோஷத்தில் கை ஹேண்ட் பிரேக்குக்குப் போயிற்று. “சார், ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டுடாதீங்க!” என்று கத்திக்கொண்டே மெக்கானிக் அண்ணன் ஓடிவந்து சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்தார். பழுத்த தட்டில் பேடை அழுத்தி நிறுத்தினால் ஒட்டிக்கொள்ளும், தட்டும் கோணும். அரை மணி நேரம் சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை. ஆறிய பிறகு நிப்பிளைத் திறந்து குழாயில் பிரேக் ஆயிலை இறக்கினார். வந்தது பழைய டிகாஷன் நிறம், உள்ளே ஊசிமுனை அளவுக் குமிழிகள். “கொதிச்சிருக்கு சார்.” நண்பன் விடவில்லை. “புது வண்டிண்ணே. போன மாசம்தான் சர்வீஸ் பண்ணாங்க.” அவர் குழாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ரோட்டுக்கு இது போதும் சார்.”

சாதாரண டாட் 4 ஆயில், டப்பாவைத் திறந்த அன்று குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு விதி கேட்பது 155 டிகிரிதான். கொதித்தால் ஆவி, ஆவியை அழுத்தலாம், அழுத்த முடிகிற எதையும் வைத்து பிரேக் பிடிக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். கடற்கரை ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்?

‘ரோட்டுக்கு இது போதும்’ என்ற வாக்கியத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு பெரிய பெயர்களைப் பார்த்தால், யாரும் முழுசாகத் தப்பவில்லை.

2015-இல் வந்த ஏழாம் தலைமுறை கார்வெட் இசட்06 தாளில் அசுரன். 6.2 லிட்டர் வி8, மேலே சூப்பர்சார்ஜர், 650 குதிரைசக்தி. முதல் இரண்டு மூன்று சுற்றுகளில் தன்னைவிட இரண்டு மடங்கு விலையுள்ள கார்களை ஓரங்கட்டியது. அப்புறம் வெப்பமானி ஏற, இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பலத்தைக் குறைத்துக்கொண்டது. ஆட்டோமேட்டிக் கியர் உள்ள வண்டிகளில் இது இன்னும் மோசம். சூப்பர்சார்ஜர் காற்றைத் திணிக்கும்போதே அதைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற ரேடியேட்டருக்கு இடம் போதவில்லை. உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். கார்வெட்டைச் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸ் டிராக் சோதனைக்கு வைத்துக்கொண்டிருந்த வெளிவெப்ப அளவு 86 டிகிரி பாரன்ஹீட், அதாவது 30 டிகிரி செல்சியஸ். சென்னையில் மே மாதம் விடியற்காலையே கிட்டத்தட்ட அந்தச் சூடு இருக்கும். 2017 மாடலில் பானெட்டில் பெரிய துளையும் சூப்பர்சார்ஜருக்குப் புது மூடியும் வந்தன.

ஃபோர்டு செய்தது இதைவிட விசித்திரம். 2016 ஷெல்பி ஜிடி350 மஸ்டாங், 526 குதிரைசக்தி, இன்ஜினை நிமிடத்துக்கு 8,250 சுற்றுவரை முறுக்கலாம், டிராக்குக்கென்றே பிறந்தது என்று விளம்பரம். ஆனால் அடிப்படை மாடலிலும் சொகுசுக் கருவிகள் சேர்த்த மாடலிலும் கியர் பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ஆயில் கூலர் வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கார் நொண்டியடிக்க ஆரம்பித்தது. பாதிப் பலத்தில் தவழ்ந்து பிட்டுக்குத் திரும்ப வேண்டும். இங்கேயும் வழக்கு. 2017 மாடலிலிருந்து எல்லா வண்டிக்கும் கூலர். கூலர் என்பது கைக்கு அடக்கமான ஒரு அலுமினியச் சட்டம், இரண்டு குழாய். அதை மிச்சம்பிடித்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

போர்ஷே பக்தர்கள் இந்த இடத்தில் புன்னகைப்பார்கள். அவர்களுக்கு 2014-ஐ நினைவூட்ட வேண்டும். முதல் ஜிடி3 1999-இல் வந்தபோது அதன் இன்ஜின், 1998 லெ மான்ஸை வென்ற ஜிடி1 பந்தயக் காரின் வழியில் வந்தது. பொறியாளர் ஹான்ஸ் மெட்ஸ்கரின் கைவண்ணம், அசைக்க முடியாத பெயர். 2013-இல் 991 தலைமுறைக்காக அதைக் கைவிட்டு, 9,000 சுற்று சுழலும் புது இன்ஜினைப் போட்டார்கள். ஐரோப்பாவில் இரண்டு கார்கள் தீப்பிடித்தன. கனெக்டிங் ராடின் போல்ட் தளர்ந்து இன்ஜினைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறது. விற்றிருந்த 785 கார்களையும் ஓட்டாமல் நிறுத்திவைக்கச் சொல்லி, அத்தனைக்கும் புது இன்ஜின் மாற்றினார்கள். அடுத்து வந்த 4 லிட்டர் இன்ஜினில் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் அமைப்பைத் தூக்கிவிட்டு, பந்தய இன்ஜினில் உள்ளதுபோல் இறுக்கமான அமைப்புக்குத் திரும்பினார்கள். அடிபட்டுத்தான் கற்றார்கள், ஆனால் முழுசாகக் கற்றார்கள்.

ஜிடி-ஆரின் பலவீனம் பின்னால் இருந்தது. கியர் பாக்ஸைப் பின்சக்கரங்களுக்கு இடையில் வைத்தது எடையைச் சமமாக்க நல்ல யோசனை. டிராக்கில் அந்தக் கியர் பாக்ஸ் ஆயில் சூடேறிக்கொண்டே போகும். பழகியவர்கள் கூடுதல் கூலர் பொருத்திக்கொள்வார்கள். இந்தக் காரின் நடுத்திரையை வடிவமைத்தது கிரான் டூரிஸ்மோ வீடியோ விளையாட்டைச் செய்த பாலிஃபோனி நிறுவனம். கியர் பாக்ஸ் ஆயிலின் வெப்பத்தையும் அதில் அழகாகக் காட்டினார்கள். நோய்க்கு மருந்து இல்லாவிட்டாலும் காய்ச்சல் எவ்வளவு என்று துல்லியமாகத் தெரியும். நிசான் கட்சியிலிருந்து நான் மெல்ல நழுவியது அந்தத் திரையைப் பார்த்துப் பார்த்துத்தான்.

நீண்ட நேரத் தாங்குதிறன் என்றால் 24 மணி நேரப் பந்தயத்தைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. லெ மான்ஸில் ஜிடி வகைக் கார் ஒரு நாளில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. 2023-இல் கார்வெட் ஆரம்பத்திலேயே டாம்பர் பழுதால் இரண்டு சுற்று இழந்தும் தன் வகுப்பை வென்றது. நல்ல கதை. ஆனால் அந்தக் காருக்கும் கடையில் விற்கும் காருக்கும் உறவு தூரத்து உறவு. மேலும் அமைப்பாளர்கள் வேகமான காருக்குப் பாரம் ஏற்றி, மெதுவான காருக்குக் காற்றைத் திறந்துவிட்டு எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்துகிறார்கள். ஓட்டப்பந்தயத்தில் வேகமாக ஓடுகிற பையன் முதுகில் புத்தகப்பையைக் கட்டிவிடுவது போல. நடத்துகிறவர்களுக்கும் பார்க்கிறவர்களுக்கும் அது நல்லது. எந்தக் கார் உசத்தி என்று கேட்கிறவருக்கு அந்த முடிவு சாட்சி ஆகாது. நிசானின் பந்தய ஜிடி-ஆர் 2015-இல் பாதர்ஸ்ட் 12 மணி நேரப் பந்தயத்தை வென்றது. அது ஓடிய பந்தய வகையில் நாலு சக்கர இழுவைக்கு இடமில்லை; ஆகவே அதற்குப் பின்சக்கர இழுவை மட்டும்தான். சாலைக் காருக்குப் பேர் வாங்கித்தந்த அம்சமே அதில் கிடையாது.

இதில் ஒரு விலக்கு உண்டு. 2025 ஜனவரியில் நடிகர் அஜித் குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் 992 வகுப்பில் மூன்றாவதாக வந்ததை நம் ஊரில் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். பயிற்சியில் அவர் கார் சுவரில் மோதிச் சுழன்ற காட்சியை எல்லோரும் பார்த்தோம். அந்த வகுப்பில் ஓடுவதெல்லாம் ஒரே வகை, 911 ஜிடி3 கப். அது சாலை ஜிடி3 உருவாகும் அதே ஸ்டுட்கார்ட் ஆலை வரிசையில் உருவாவது. இன்ஜினும் அதே 4 லிட்டர், 510 குதிரைசக்தி. 100 மணி நேரம் டிராக்கில் ஓடிய பிறகு பிரித்துப் பார்த்தால் போதும் என்கிறது நிறுவனம். சாலைக் காருக்கும் 24 மணி நேரப் பந்தயத்துக்கும் நடுவே இவ்வளவு சின்ன இடைவெளி வேறு எந்தப் போட்டியாளரிடமும் இல்லை. துபாயில் எத்தனை ரசிகர்கள் இதைக் கவனித்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

கார்வெட்டுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 2023-இல் வந்த எட்டாம் தலைமுறை இசட்06-ஐ நான் பழைய இசட்06-க்கு எழுதிய மன்னிப்புக் கடிதமாகவே படிக்கிறேன். சூப்பர்சார்ஜரைத் தூக்கி எறிந்தார்கள். 5.5 லிட்டர், 8,600 சுற்று, 670 குதிரைசக்தி, காற்றைத் திணிக்கும் கருவி ஏதும் இல்லை. இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால், வெப்பத்தை வெளியேற்ற ஐந்து ரேடியேட்டர்கள். வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி இன்ஜின் வறண்டுவிடாதபடி தனித் தொட்டியில் ஆயிலை வைத்துப் பம்ப் பண்ணும் ஏற்பாடு. போர்ஷே ஜிடி3-இன் சமையல் குறிப்பும் இதுதான்: திணிப்பு இல்லாத இன்ஜின், தனி ஆயில் தொட்டி, அதிவேகச் சுழற்சி. உலகமே டர்போவுக்கு மாறிய காலத்தில், டிராக்குக்கென்று கார் செய்கிற இரண்டு போட்டி நிறுவனங்கள் தனித்தனியே இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது தற்செயல் அல்ல. டர்போ என்பது அடுப்புக்கு மேல் இன்னொரு அடுப்பு. (பின்னர் வந்த இசட்ஆர்1-இல் கார்வெட் இரட்டை டர்போவுக்கே போயிற்று. 1,064 குதிரைசக்தி வேண்டுமென்றால் வேறு வழியில்லை.)

இந்த இரண்டில் எது? நீளமான நேர்ப்பாதையும் அகலமான தாரும் உள்ள இடத்தில் கார்வெட் முந்தும். கொடுத்த காசுக்கு அதுவே லாபம். ஆனால் வருடத்துக்கு இருபது நாள் டிராக்கில் கிடப்பேன் என்கிறவருக்கு நான் ஜிடி3-ஐத்தான் சொல்வேன். எடை 1,418 கிலோ. கார்வெட் எரிபொருளும் ஆயிலும் ஊற்றாமலே 1,560 கிலோவுக்கு வருகிறது. அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு பிரேக்கிலும் ஒரு லிட்டர் வெந்நீராகக் கட்டவேண்டும். டயரிலும் அப்படியே.

மின்சாரக் கார்களைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடலாம். ஒற்றைச் சுற்றில் அவை யாருக்கும் சளைத்தவை அல்ல: 2024-இல் வெளியான கணக்கில் போர்ஷே டைகான் டர்போ ஜிடி 7 நிமிடம் 7.55 வினாடி, 2025-இல் சீனத்து ஷாவ்மி எஸ்யு7 அல்ட்ரா 7 நிமிடம் 4.957 வினாடி. இரண்டாவது சுற்று என்றதும் பேச்சு மாறும். பேட்டரி சூடேறினால் கணினி பலத்தைக் குறைக்கும். ஹூண்டாய் மட்டும் அயோனிக் 5 என் காரைப் பற்றிப் பேசும்போது, வடக்கு வளையத்தில் தளராமல் இரண்டு சுற்று என்று சொன்னது. சாதனைப் பட்டியலில் அந்தக் காருக்குப் பெரிய இடம் இல்லை. இருந்தும் எனக்கு மரியாதை வந்தது அதன்மேல்தான். சரியான கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

மறுகோடியில் மாஸ்டா எம்எக்ஸ்-5. ஏறக்குறைய 1,050 கிலோ. நேர்ப்பாதை முடிவில் 160-ஐத் தொட்டு 70-க்குக் குறைகிறது என்று வைத்தால் ஒரு பிரேக்குக்கு மூன்று லிட்டர் வெந்நீர்கூட ஆகவில்லை. நல்ல பேடும் நல்ல பிரேக் ஆயிலும் போட்டுவிட்டால் பெட்ரோல் தீரும்வரை ஓடும், ஒரே நேரத்தைத் திரும்பத் திரும்பத் தரும். பெரிய கார்களை வைத்திருப்பவர்கள் பிட்டில் பானெட்டைத் திறந்து வைத்து நிற்கும்போது இது மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். டிராக்குக்குப் போகிறவர்களில் பலர் கடைசியில் இதில் வந்து சேர்வதற்குச் சிக்கனம் மட்டும் காரணம் இல்லை.

செலவைச் சொல்லாமல் தாங்குதிறனைப் பேச முடியாது. கார்பன் செராமிக் பிரேக் தட்டு இரும்புத் தட்டின் பாதி எடைதான், வெப்பத்தில் சளைப்பதில்லை. ஆனால் தேய்ந்து மாற்றும்போது கையைக் கடிக்கும். அதனால் செராமிக் தட்டோடு கார் வாங்கி, அதைக் கழற்றித் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டு, இரும்புத் தட்டோடு டிராக்குக்குப் போகிறவர்கள் ஏராளம். விற்கும்போது திரும்பப் பூட்டிக்கொடுப்பார்கள். சாதனை நேரங்களை எடுக்க உதவும் ஒட்டுத்தன்மை மிகுந்த டயர்களும் அப்படித்தான். முதல் சில சுற்றுகளில் கோந்துபோல் பிடிக்கும், ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் கொஞ்சம் கெட்டியாகும்.

இதையெல்லாம் சேர்த்து ஒழுங்காக ஒப்பிட்டவர்கள் யார் என்றால், ஜப்பானின் பெஸ்ட் மோட்டாரிங் வீடியோ இதழைத்தான் சொல்வேன். 1987-இலிருந்து 2011 வரை வந்தது. சுகுபா போன்ற டிராக்கில் கடைக் கார்களை வரிசையாக நிறுத்தி, கெய்ச்சி சுச்சியா போன்ற தேர்ந்த ஓட்டுநர்களை உள்ளே உட்காரவைத்து, ஒன்றோடொன்று பல சுற்று மோதவிடுவார்கள். முதல் சுற்றில் பறந்த கார் டயர் வழுக்கிப் பின்வாங்குவதையும், பின்னால் இருந்த மெலிந்த கார் சத்தமில்லாமல் ஏறிவருவதையும் கண்ணால் பார்க்கலாம். ஓட்டுநர் ஓட்டிக்கொண்டே பிரேக்கைத் திட்டுவதையும் கேட்கலாம். அமெரிக்காவில் கார் அண்டு டிரைவர் பத்திரிகை 2006-இலிருந்து வர்ஜீனியாவில் ஒரே 6.6 கிலோமீட்டர் டிராக்கில் ஏறக்குறைய ஆண்டுதோறும் நடத்தும் சோதனையும் ஒழுக்கமானது. ஆனால் அதுவும் சிறந்த ஒரு சுற்றையே பட்டியலில் போடுகிறது. பத்தாவது சுற்றுக்கும் ஒரு பத்தி சேர்த்தால் பட்டியலின் வரிசை பல இடங்களில் கலைந்துபோகும்.

நண்பன் காரை மாற்றவில்லை. பந்தய பேடும், 300 டிகிரிக்கு மேல் தாங்குகிற பிரேக் ஆயிலும் போட்டுக்கொண்டு டிசம்பரில் மறுபடி வந்தான். ஆறாவது சுற்று தாண்டியது, பத்தாவதும் தாண்டியது, பெடல் கல்லுபோல் நின்றது. பதினொன்றாவதில் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. கியர் பாக்ஸ் வெப்பம். மெக்கானிக் அண்ணன் கல்லை எடுத்துக்கொண்டு நிதானமாக நடந்து வந்தார்.

“பிரேக் ஓகேதானே சார்? அடுத்து இதுக்கு ஒரு கூலர் பார்த்துடலாம்.”